நண்பர் பராமரிப்பு அட்டை

என் நண்பர்களை நான் மேஜை டிராயரில் வைத்திருந்தேன். ஆளுக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஓர் எண், மொத்தம் இருபத்து மூன்று பேர். யாரை எந்தத் தேதியில் நலம் விசாரிக்க வேண்டும், யாரிடம் எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, யாருடைய மாமியாருக்கு எந்தக் கண்ணில் புரை என்பதெல்லாம் அதில் இருந்தது. ஒரு வருடம் எட்டு மாதம் இந்த முறைப்படி நட்பு நடத்தினேன். அதன் முடிவில், இருபத்து மூன்று பேரில் இருபத்திரண்டு பேர் நண்பர்களே இல்லை என்பதும், உண்மையாகவே நண்பராக இருந்த ஒருவரை அந்த அட்டையாலேயே தொலைத்துவிட்டேன் என்பதும் தெரியவந்தது.

இதை வெளியில் சொல்லாமலே காலத்தை ஓட்டியிருப்பேன். போன மாதம் மாடி வீட்டில் குடியிருக்கும் சுபாதான் கிளறிவிட்டாள். விருதுநகர்ப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஊரிலிருந்து வந்து ஒரு வருடமாகியும் ஞாயிற்றுக்கிழமை பேச ஆள் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவளை, அவளுடைய கம்பெனியே மூன்று நாள் வகுப்புக்கு அனுப்பியிருக்கிறது. மனிதர்களோடு பழகுவது எப்படி என்று வகுப்பு, கடைசி நாள் சான்றிதழ். மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். தெரிந்தவர்கள் பெயரெல்லாம் வரிசையாக இருந்தது. மூன்று வாரம் பேசாவிட்டால் அந்தப் பெயர் சிவப்பாகிவிடுமாம். திரையில் பாதிக்கு மேல் சிவப்பு.

"உங்க காலத்துல இதெல்லாம் கெடையாதுல்ல அங்கிள்? எப்படித்தான் ஃப்ரெண்ட்ஸை ஞாபகம் வச்சிருந்தீங்க?"

"அட்டையில" என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தாள். சிரித்தது சரிதான், காரணம்தான் வேறு. அதனால் அவளிடம் சொன்னேன், இப்போது எழுதவும் செய்கிறேன்.

நான் வேலை பார்த்தது பெங்களூரில் ஒரு பெரிய அரசுத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம், என் மாத்திரைகள் இன்னும் அதன் ஆஸ்பத்திரியிலிருந்துதான் வருகின்றன. டிப்ளமா, இரண்டு வருடப் பயிற்சி, அதில் ஒரு வருடம் இரும்பை அரத்தால் ராவியது, ஒரு வருடம் ராவியதற்குத் திட்டு வாங்கியது என்று கழிந்து, இருபத்து மூன்று வயதில் பராமரிப்புத் திட்டப் பிரிவில் உட்கார்ந்தேன். பிறகு நாற்காலி மாறியது, மேஜை மாறியது, நான் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது.

எங்கள் பிரிவின் வேலை எளிமையானது. தொழிற்சாலையில் இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு ஹிஸ்டரி கார்டு உண்டு. நல்ல கனமான பழுப்பு அட்டை, முழங்கை அகலம். மேலே இயந்திரத்தின் எண், எந்த ஷாப், அதாவது எந்தப் பட்டறைக் கூடம், நிறுவிய நாள். கீழே அச்சடித்த கட்டங்கள்: தேதி, கண்ட பழுது, செய்த வேலை, போட்ட உதிரி பாகம், இழந்த மணி, கையெழுத்து. இயந்திரம் நின்றுபோய் எத்தனை மணி நேரம் உற்பத்தி கெட்டது என்பதுதான் இழந்த மணி. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. ஒன்றும் இல்லையென்றால் ஆங்கிலத்து 'நில்' என்று எழுத வேண்டும். கட்டம் காலியாக இருந்தால், இயந்திரம் நன்றாக ஓடினாலும், ஓடுவதாக நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை.

எங்கள் மேலதிகாரி ரங்கநாத ராவ். மெலிந்த உருவம், முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் பச்சை மைப் பேனா. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஷாப்பிலிருந்து ஒருவன் ஓடிவந்து இயந்திரம் தீப்பிடித்து எரிகிறது என்றாலும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "கார்டு ஏனு ஹேளத்தே, பாணி?" என்பார். அட்டை என்ன சொல்கிறது என்று கன்னடத்தில் கேட்கிறார்; பாணி நான்தான். நான் அட்டையைப் பார்த்து, போன மாதம் இதே இடத்தில் புகை வந்ததாகச் சொல்வேன். அவருக்கு அதில் ஒரு நிம்மதி வரும். அதன் பிறகுதான் எழுந்து போவார். போனதும் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இயந்திரத்தின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். உள்ளே பேரிங் என்ன பேசுகிறது என்று அவருக்குக் கேட்கும். பக்கத்தில் நிற்கும் மனிதன் என்ன பேசுகிறான் என்பது கேட்காது.

அவரும் நானும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவருக்குக் குழந்தைகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. இதைக் குறையாகவும் நான் நினைத்ததில்லை. தொழிற்சாலை பஸ்ஸில் அல்சூரில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுவேன். அந்த நாற்பது நிமிடப் பயணங்களில் நான் படிக்காத ரஷ்ய நாவல் இல்லை. ரஷ்ய மனிதர்களின் மனம் எனக்கு அத்துப்படி. முன் இருக்கைக்காரரின் பெயர் தெரியாது.

தொண்ணூற்று மூன்றில் எனக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை ஆனது. தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டோடு ஒரு ஃபிட்டர், மர்பி டவுன் அந்தோணிராஜ். எங்கள் தொழிற்சாலைதான், வேறு ஷாப். அந்த ஒரு வாரத்தில் அவரைப் பார்க்க முப்பத்தொரு பேர் வந்தார்கள். இது என் மனைவி விஜயாவின் கணக்கு. அவளுக்கு எண்ண வேண்டிய அவசியம் இருந்தது, ஏனென்றால் ஒவ்வொருவரும் அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

என்னைப் பார்க்க ஒருவர் வந்தார். எங்கள் ஷாப் கிளார்க். அவரும் அந்தோணியைப் பார்க்கத்தான் வந்தார், திரும்பும்போது என்னைக் கவனித்துவிட்டு, "அட, நீங்களும் இங்கதானா சார்?" என்றார், பஸ் நிலையத்தில் பார்த்ததுபோல.

அவர் போனதும் அந்தோணி என் பக்கம் ஒரு ஆப்பிளை நீட்டினார். "இந்தாங்க சார். நெறைய வந்து குமிஞ்சுகெடக்குது. வேணாம்னா வுடமாட்றானுங்க."

"பரவாயில்ல, எனக்கு வேணாம்."

"அட, துன்னுங்க சார். உங்களுக்கு வர்றப்போ நீங்க எனக்குக் குடுங்க."

விஜயா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம் போர்வையைச் சரிசெய்யும்போது மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா தூக்கறதுக்கு நாலு பேரு வேணும். நான் ஒருத்திதான் இருக்கேன். எனக்கு இடுப்பு வலி வேற."

நாற்பத்தொரு வயது ஆளுக்கு இது போதுமான எச்சரிக்கை. நான் அந்தோணியைக் கவனிக்க ஆரம்பித்தேன். பெரிய வித்தை ஏதும் தெரியவில்லை. வருகிறவர்களைப் பார்த்து அவர் சிரிப்பதுகூட இல்லை. "ஏண்டா இவ்ளோ லேட்டு" என்று திட்டினார். ஒருவனிடம் ஏணி இரவல் கேட்டார், கால் உடைந்து படுத்திருக்கும்போது. இன்னொருவனிடம் தன் வீட்டுக் கோழிக்கு மருந்து வாங்கிப் போகச் சொன்னார். அவர்களும் ஏதோ பரிசு வாங்கினவர்கள்போலத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அப்ரென்டிஸாக இருந்தபோது சூப்பர்வைசரின் சாப்பாட்டு டப்பாவைச் சூடு பண்ணுகிறேன் என்று உலையில் வைத்து, டப்பாவே உருகிப்போன கதையை முப்பத்தொரு பேரிடமும் சொன்னார். அவர்களில் பாதிப்பேர் அன்று அந்த உலைக்குப் பக்கத்தில் நின்றவர்கள். அவர்களும் சிரித்தார்கள்.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாள் பஸ்ஸில் அந்தோணி ஏறினார். கால் கட்டு பிரித்து நொண்டிக்கொண்டு வந்தவர், என் பக்கத்து இருக்கையில் இருந்த பையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "குந்தறேன் சார்" என்று உட்கார்ந்த பிறகு சொன்னார். அப்படித்தான் எனக்கு ஒரு நண்பர் கிடைத்தார். நான் செய்தது, பையை மடியில் வாங்கிக்கொண்டதுதான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு இயந்திரம் ஓடுகிறது என்றால் அதற்கு அட்டை இல்லாமல் எப்படி? ஸ்டோரிலிருந்து ஒரு கட்டு ஹிஸ்டரி கார்டு எடுத்து, முதல் அட்டையில் 'ந-1, அந்தோணிராஜ், ஃபிட்டர்' என்று எழுதினேன். நிறுவிய நாள்: பையை மடியில் வைத்த தேதி. கண்ட பழுது: உருகிய டப்பா கதையைத் திரும்பச் சொல்லுதல். செய்த வேலை: முடிவில் சிரித்தல். உதிரி பாகம்: நில்.

ஒன்று நன்றாக ஓடியதும் உற்பத்தியைப் பெருக்கும் ஆசை வந்தது. ந-2 கேன்டீன் மேனேஜர், ந-3 ஸ்டோர்கீப்பர் முனிசாமி, ந-4 எங்கள் தெருவில் ஸ்கூட்டர் வைத்திருப்பவர் என்று விரிவாக்கினேன். நாற்பது வயதுக்கு மேல் நட்பு தானாக வளராது, திட்டமிட்டு வளர்க்க வேண்டும் என்று நம்பினேன். இன்றைக்கும் அந்த வாக்கியம் சரியாகத்தான் படுகிறது. நான் திட்டமிட்ட விதம்தான் விபரீதம். மாதத்தின் முதல் செவ்வாய், முனிசாமியின் முழங்கால். இரண்டாவது வியாழன், கேன்டீன் மேனேஜர் மகனின் கணக்குப் பரீட்சை. விசாரித்து முடித்ததும் அறைக்கு வந்து தேதி போட்டு, 'நலம் விசாரிக்கப்பட்டது, திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்திடுவேன்.

நான்காவது மாதம் நான் ஸ்டோருக்குள் நுழைந்ததும் முனிசாமி கவுன்டருக்குப் பின்னால் எழுந்து நின்றார்.

"சார், மொதல்லயே சொல்லிட்றேன். நான் ரெண்டு பாலிசி போட்டுட்டேன். எம் மச்சானே ஏஜென்ட்டு."

"பாலிசியா? நான் உங்க முழங்கால் எப்படி இருக்குன்னு..."

"அதான் சார். அவனும் மொதல்ல காலைத்தான் கேட்டான்."

அந்தக் காலத்து பெங்களூரில் ஒரு மனிதன் திடீரென்று இன்னொருவன் குடும்பத்தை விசாரித்தால் அவன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், அல்லது கேன்டீன் கமிட்டித் தேர்தலில் நிற்கப் போகிறவன். மூன்றாவது காரணம் இருக்கலாம் என்று யாரும் யோசிக்கத் தயாராக இல்லை. கேன்டீன் மேனேஜர் என்னை இரண்டாவது வகை என்று முடிவுகட்டி, என் தட்டில் சாம்பாரைக் குறைத்தார். இருவர் அட்டையிலும் 'கண்ட பழுது: சந்தேகம்' என்று பதிவு செய்தேன்.

அந்தோணியோடு மட்டும் எதுவும் திட்டப்படி நடக்கவில்லை. அவருடைய தேதி வருவதற்குள் அவரே வந்துவிடுவார். மகளுக்குப் புதுநன்மை, தேவாலயத்தில் முதல் முறை நற்கருணை வாங்கும் விழா என்று கூப்பிட்டார், போனேன். மர்பி டவுன் சந்தில் சாமியானா போட்டு, எனக்கு என்று தனியாகத் தக்காளி சாதம் செய்து வைத்திருந்தார்கள். விஜயாவும் அந்தோணியின் மனைவி ஸ்டெல்லாவும் அன்றைக்கே உறவாகி, அக்கா என்றும் ஸ்டெல்லா என்றும் கூப்பிட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள், அட்டை எதுவும் போடாமல். அடுத்த வருடம் அந்தோணியின் அம்மா இறந்தபோது நான் லீவ் போட்டுவிட்டுப் போய்க் கல்லறை வரைக்கும் நடந்தேன். ஒன்றும் பேசவில்லை. என்ன பேசுவது என்று அட்டையிலும் இல்லை. குழியில் மண் போடும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் அலுவலகம் வந்து எல்லாவற்றையும் பதிவு செய்தேன். எந்தக் கட்டத்தையும் காலியாக விடவில்லை.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை ராவ் என்னை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போயிருந்தார். அந்தோணி ஏழாம் எண் மில்லிங் இயந்திரத்தின் அட்டை கேட்டு எங்கள் அறைக்கு வந்திருக்கிறார். டைப்பிஸ்ட் சுசீலம்மா வேலை மும்முரத்தில், டிராயர் திறந்துதான் இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மில்லிங் இயந்திரங்களுக்குப் பின்னால்தான் நான் நண்பர்களை வைத்திருந்தேன்.

நான் திரும்பி வந்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ந-1.

"பாணி சார், இது இன்னா மிஷினு?"

அட்டைக்குக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"'கண்ட பழுது: டப்பா கதை, பதினோராம் முறை.' சரி. சொன்னதுதான். 'மகள் புதுநன்மை, இழந்த மணி மூணரை.'" விரலை வைத்து நிதானமாகப் படித்தார். "'தாயார் அடக்கம். இழந்த மணி ஆறு.' எங்கம்மா செத்ததுல உங்களுக்கு ஆறு மணி நேரம் போச்சா சார்?"

"அது ஃபார்ம்ல இருக்கிற கட்டம் அந்தோணி. பிரிண்ட்டாவே அப்படித்தான் வருது. காலியா விடக்கூடாது."

"பிரிண்ட்டு கம்பெனிது. கையெழுத்து உங்களுதுதானே?"

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அட்டையை எடுத்த இடத்திலேயே செருகி, விளிம்பு சமமாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, டிராயரை மூடினார். ஏழாம் எண் அட்டைக்கு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பஸ்ஸில் என்னைத் தாண்டிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. நான் வேண்டுமென்றே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மர்பி டவுன் நிறுத்தத்தில் என்னையறியாமல் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விடுவேன். அவர் தாண்டிப் போவார். ஒரு ரஷ்ய நாவலின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஜூன் மாதம் நுழைந்த நான், நவம்பரிலும் அங்கேயேதான் இருந்தேன். அரைக்கண்ணால் திரும்பிப் பார்ப்பேன். மூடிய கண் திறக்காது. ஒரு மனிதன் முகத்தை இவ்வளவு இறுக்கமாக மூடிவைத்துக்கொள்ள முடியும் என்றால் உள்ளே எவ்வளவு காயம் இருக்க வேண்டும் என்று நினைத்து, எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

விஜயா சமாதானம் சொல்லவில்லை. "இருபத்து மூணு பேருக்கு எழுதினீங்க. தெருவில நின்னு உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான்" என்றாள். "நான் ஸ்டெல்லாகிட்ட பேசிப் பாக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன். நானே முறைப்படி செய்வதாகச் சொன்னேன். முறைப்படி என்றால் மன்னிப்புக் கடிதம். முதல் வரைவு நான்கு பக்கம்; அதில் மூன்று பக்கம் அந்தக் கட்டம் எப்படி அச்சுக்கு வந்தது என்ற வரலாறு. இரண்டாவது வரைவில் 'மேற்படி அட்டை தொடர்பாக' என்று தொடங்கியிருந்தேன். மூன்றாவதில் ரஷ்ய வாடை. நான்காவதை எழுதிக்கொண்டிருந்தபோது ராவின் அரையாண்டுச் சோதனை வந்தது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் எந்த டிராயரையாவது இழுத்து, கைக்கு வந்த பத்து அட்டைகளை எடுத்துப் பார்ப்பார். பார்த்ததற்கு அடையாளமாகப் பச்சை மையில் இனிஷியல் போடுவார். அன்று ஐந்தாவதாக வந்தது ந-1.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார். "இது எந்த ஷாப்பு?"

மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதற்கும் ஒரு கட்டம் இருந்திருந்தால் பழகியிருப்பேன். குடல்வாலிலிருந்து கடைசி வரிசை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நடுவில் "ஹௌதா" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். அப்படியா என்று. முடித்ததும் கையை நீட்டினார்.

"நன்னது எல்லி?"

என்னுடையது எங்கே என்று கேட்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ந-9-ஐ எடுத்துக் கொடுத்தேன்.

அதில் எழுதியிருந்தது கொஞ்சம்தான். யாரும் பார்க்காத ரகசிய அட்டையில்கூட மேலதிகாரிக்குக் குறை எழுத எனக்குத் துணிவு வரவில்லை. கண்ட பழுது: நில். செய்த வேலை: வணக்கம் சொல்லப்பட்டது, புது வருட டைரி கொடுக்கப்பட்டது. இழந்த மணி: நில்.

"பன்னெண்டு வருஷம் ஒரே ரூம், பாணி" என்றார் ராவ். "நில்லா?"

"சார், அது..."

"ஒரு மணிகூட இல்லவா?"

அவர் பேனாவைத் திறந்து ந-9-இன் கீழே பச்சையில் இனிஷியல் போட்டார். சோதனையில் எடுத்த அட்டைக்கு இனிஷியல் போட்டாக வேண்டும், அது தன்னுடையதாகவே இருந்தாலும். பிறகு ந-1-ஐ என் பக்கம் தள்ளினார்.

"இவர் மனேகெ போனீங்களா?"

"வீட்டுக்கா? இல்ல சார். லெட்டர் எழுதிட்டிருக்கேன்."

"எத்தனாவது டிராஃப்ட்?"

"நாலு."

"அஞ்சு திங்களு மிஷின் நின்னுருக்கு. நீங்க ஸ்பேர் வரல, ஸ்பேர் வரலன்னு பரீத்தா இருக்கீங்க" என்றார். ஐந்து மாதமாக நிற்கிறது, நீங்கள் எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள் என்று. நான்கு மணிக்கு டீ வந்தபோது அவர் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு வந்து, என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவருக்கும் பேச எதுவும் தெரியவில்லை. கால் மணி நேரம் டீ குடித்தோம். போகும்போது, "எரடு பொண்ணு எனக்கு" என்றார். நானும் விரலைக் காட்டி இரண்டா என்று கேட்டேன். தலையாட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ந-1-ஐ ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு மர்பி டவுன் போனேன். அந்தோணி கண் முன்னால் அதைக் கிழித்துப் போடுவது, பிறகு நான்காவது வரைவை மனப்பாடமாகச் சொல்வது என்பது திட்டம். சந்தில் நுழைந்ததும் திட்டம் கெட்டது. ஆறு வீட்டுக்கும் பொதுவான தண்ணீர் மோட்டார் நின்றுபோயிருந்தது. பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருந்தன. வரிசையின் முனையில் அந்தோணி குத்துக்காலிட்டு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்து பார்த்தார். "வந்துகினீங்களா. அந்த பதினாலு நம்பர் ஸ்பேனரை எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். "அந்தோணி, நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"டார்ச்சைப் புடிங்க. அங்க இல்ல, இங்க. காத்து இழுக்குது சார். பேக்கிங் செத்துப்போச்சு. ஞாயித்துக்கெழமை எந்தக் கடைக்காரன் தொறப்பான்?"

ஸ்டெல்லா வாசலிலிருந்து, "அண்ணன் வந்திருக்காரு, வுள்ள கூப்டுங்களேன்" என்றாள். "வுள்ள தண்ணி இல்ல, இன்னாத்த குடுப்ப?" என்றார் இவர்.

நான் ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். "இதை உங்க முன்னாடியே கிழிச்சுப் போடறதுக்காக எடுத்துட்டு வந்தேன்."

வாங்கினார். படிக்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மடக்கிப் பார்த்தார். "நல்ல அட்டை சார். கிழிக்காதீங்க." மோட்டாரின் வாய் விளிம்பின் மேல் அட்டையைப் பரப்பி, சின்னச் சுத்தியலின் உருண்டை முனையால் விளிம்பைச் சுற்றி டொக் டொக் என்று தட்ட ஆரம்பித்தார். தட்டிய இடத்தில் இரும்பு விளிம்பே கத்தியாகி அட்டையை வெட்டியது. வட்டம் விழுந்தது, நடுவில் ஓட்டை விழுந்தது, நான்கு போல்ட்டுக்கு நான்கு துளை விழுந்தது, காற்றை அடைக்கப் புது பேக்கிங் தயார். புதுநன்மையும் டப்பா கதையும் குப்பையாக உதிர்ந்தன.

கிரீஸ் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"ஆறு மணி நேரம்னு எழுதினீங்களே, அது தப்பு சார்."

"தப்புதான் அந்தோணி. அந்தக் கட்டத்துல எழுதியே இருக்கக் கூடாது."

"அது இல்ல. காலைல எட்டரைக்கு வந்தீங்க. நான் வாசல்லதான் நின்னுனு இருந்தேன். மண்ணு போட்டுட்டு, வூட்டுக்கு வந்து, கடைசி ஆளா நீங்க போறப்போ மூணரை. ஏழு மணி நேரம்."

"சாப்பாட்டு நேரம் ஒரு மணி கழிச்சேன்" என்றேன். இருபது வருடம் நல்ல புத்தகங்களாகப் படித்தவன் அந்த இடத்தில் சொன்ன பதில் இது.

அந்தோணி சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. "துன்னவே இல்லியே சார் நீங்க அன்னைக்கு" என்றார், சிரிப்புக்கு நடுவில். "ஸ்டெல்லா தட்டு எடுத்துனு பின்னாலயே வந்தாளே. அதையும் கழிச்சீங்களா?"

கழித்திருந்தேன். ஷிஃப்ட் நேரத்தில் சாப்பாடு என்றால், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், கழிப்பதுதான் விதி. அதை அவரிடம் சொல்லவில்லை. டார்ச்சைச் சரியாகப் பிடித்தேன். போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கச் சொன்னார், முடுக்கினேன். ஒன்றை நான் கோணலாகப் பூட்டியதற்கு, குடம் வைத்திருந்த அத்தனை பெண்களுக்கும் முன்னால் என்னைத் திட்டினார். அவ்வளவு நிம்மதியாக நான் திட்டு வாங்கியதில்லை. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் இருமி, காற்றைத் துப்பி, தண்ணீரைத் தூக்கியது.

மறுநாள் பஸ்ஸில் அந்தோணி ஏறினார். கடைசி வரிசையை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்ததுபோல இருந்தது. அது என் கற்பனை என்று அப்போது நினைத்தேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மிச்சமிருந்த இருபத்திரண்டு அட்டைகளையும் ஸ்டோருக்கே திருப்பிக் கொடுத்தேன். பின்பக்கம் காலியாக இருப்பதால் முனிசாமி ரசீது போட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு பத்து வருடம், நான் ஓய்வு பெறும் வரைக்கும், அந்த இருக்கையில் அந்தோணிதான். ஐந்து மாதம் ஒரு மனிதன் மனதில் இருந்த காயத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆற்றிவிட்டேன் என்ற பெருமையும் எனக்கு நெடுநாள் இருந்தது. சுபாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோதுகூட அந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் சொன்னேன்.

விஜயா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுபா மாடிக்குப் போகும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

"ஸ்டெல்லா அப்பவே எங்கிட்ட சொன்னா. கோவமெல்லாம் ஒரு வாரத்தோட போயிடுச்சாம். அப்புறம் கடைசி சீட்டுல காலை நீட்டித் தூங்கிப் பழகிட்டாராம். நீங்க பக்கத்துல இருந்தா பேசிக்கிட்டே வரணுமேன்னு, அங்கேயே இருந்துட்டாராம்."